நானோ: சங்கீதங்களின் பகைவர்கள், இரண்டு தமிழ்ப் பதிப்புகளில்

வேதாகமத்தின் 150 சங்கீதங்களில் பகைவனின் நிழல் விழாத பாடலைத் தேடித்தான் எடுக்க வேண்டும். மேய்ப்பனைப் பாடும் 23ஆம் சங்கீதத்திலேயே அவன் பந்திக்கு எதிரே நிற்கிறான். எபிரேயப் பக்திக் கவிதையைத் தமிழில் படிக்க வாங்கும் எந்தப் பதிப்புக்கும் முதல் சோதனை இந்தப் பகைவர் பாடல்கள்தான். ஆறுதல் வசனங்களை யார் மொழிபெயர்த்தாலும் ஓரளவு தேறிவிடும். "பற்களைத் தகர்த்துப்போடும்" என்று கடவுளிடம் கேட்கும் வரியில்தான் மொழிபெயர்ப்பாளரின் கை நடுங்குகிறதா இல்லையா என்பது தெரியும்.

இங்கே எடைபோடுவது இரண்டு பதிப்புகளை. ஒன்று, ஹென்றி பவர் தலைமையிலான குழுவின் 1871 மொழிபெயர்ப்பின் வழிவந்து, இன்றும் சீர்திருத்தச் சபைகளில் வாசிக்கப்படும் பரிசுத்த வேதாகமம். கீழே "பழைய பதிப்பு" என்பது இதுவே. மற்றொன்று, 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம். எளிய நடையில் வந்த வேறு மொழிபெயர்ப்புகளும் உண்டு. கதைப் பகுதிகளுக்கு அவை உதவும். கவிதைக்கு உதவாது. உருவகத்தை உடைத்து விளக்கமாகக் கொடுத்துவிட்டால் மிஞ்சுவது செய்தி மட்டும்.

முதலில், பகைவனைக் காட்டுவதற்கு மூலக் கவிதை என்னென்ன கருவிகளை வைத்திருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும். எவை தமிழில் பிழைத்தன, எவை போயின என்பது அப்போதுதான் விளங்கும்.

பகைவனுக்குப் பெயர் இல்லை. தாவீது, சவுல், அப்சலோம் என்று பெயர்கள் வருவது பெரும்பாலும் தலைப்புக் குறிப்புகளில்தான். தாவீதின் வாழ்க்கைச் சம்பவத்தோடு இணைக்கும் தலைப்பு 13 சங்கீதங்களுக்கு மட்டுமே இருக்கிறது. பாடலுக்குள் வருவதெல்லாம் வகைச் சொற்கள்: ஓயேவ் (பகைவன்), ட்சார் (நெருக்குகிறவன்), ராஷா (தீயவன்), ரோதேஃப் (துரத்துகிறவன்), போஅலே ஆவென் (கேடு செய்கிறவர்கள்). இந்தக் கடைசித் தொடர் குறிப்பது சூனியக்காரர்களை என்று 1921-இல் நார்வே அறிஞர் சிக்மண்ட் மோவிங்கல் வாதிட்டார். அந்நிய நாட்டுப் படையினர் என்றார்கள் சிலர். வழக்கில் பொய்க்குற்றம் சுமத்துகிறவர்கள் என்றார்கள் வேறு சிலர். முடிவு கிடைக்காததற்குக் காரணம் கவிதையிலேயே இருக்கிறது. ஒரே பாட்டுக்குள் பகைவன் போர்வீரனாகவும் வேட்டைக்காரனாகவும் வழக்காளியாகவும் விலங்காகவும் மாறிக்கொண்டே இருக்கிறான். யார் வாயிலும் பொருந்த வேண்டிய வழிபாட்டுப் பாடலுக்கு அந்தப் பெயரின்மை தேவை.

இந்த வகைச் சொற்களைக் கையாளுவதில் பழைய பதிப்புக்குப் பாதி மதிப்பெண். சத்துரு, பகைஞன், விரோதி, துன்மார்க்கன், அக்கிரமக்காரன் என்று போதுமான சொற்களை வைத்துக்கொண்டு, ஒழுங்கில்லாமல் செலவிடுகிறது. 13ஆம் சங்கீதத்தில் ஓயேவ் என்ற ஒரே சொல் 2ஆம் வசனத்தில் "சத்துரு", 4ஆம் வசனத்தில் "பகைஞன்". எபிரேயச் சொல் எங்கே திரும்ப வருகிறது என்று தமிழை வைத்துத் தேடுகிறவர் ஏமாந்துபோவார்.

ட்சார் என்ற சொல்லில் இன்னொரு விளையாட்டு. பகைவனும் அதே ஓசை, இடுக்கமும் அதே ஓசை. அதனால்தான் மீட்பு என்பது "விசாலம்" ஆகிறது. 118:5-ஐப் பழைய பதிப்பு இப்படித் தருகிறது: "நெருக்கத்திலிருந்து கர்த்தரை நோக்கிக் கூப்பிட்டேன், கர்த்தர் என்னைக் கேட்டருளி விசாலத்திலே வைத்தார்." அருமையான வரி. நெருக்கம், நெருக்கடி என்ற சொற்களுக்குள் நம் மொழியிலும் இடப்பற்றாக்குறை அடங்கியிருப்பதால் படிமம் முழுசாக ஏறிவிட்டது. 31:8-இலும் அப்படித்தான்: சத்துருவின் கையில் ஒப்புக்கொடாமல் பாதங்களை "விசாலத்திலே நிறுத்தினீர்". ஆனால் சத்துரு என்ற சொல்லில் நெருக்கல் இல்லை. ஆகவே பகைவன்தான் அந்த இடுக்கு என்ற இணைப்பு தமிழ் வாசகருக்குக் கிடைக்காது. 118:5-ஐப் படிக்கும்போது பக்க ஓரத்தில் "ட்சார்" என்று குறித்துக்கொள்வது ஒன்றுதான் வழி.

இனி, முழுப் பாடல் ஒன்றை இரண்டு பதிப்பிலும் வைத்துப் பார்க்கலாம். 3ஆம் சங்கீதம் சிறியது, 8 வசனம், சோதனைக்கு ஏற்றது.

எபிரேயத்தில் இந்தப் பாட்டு எண்ணிக்கையில் தொடங்குகிறது. "ரப்பூ", "ரப்பீம்", "ரப்பீம்" என்று முதல் இரண்டு வசனங்களில் மூன்று முறை ஒரே வேர் மணியடிக்கிறது: பெருகினார்கள், பலர், பலர். பிறகு 6ஆம் வசனத்தில் பதினாயிரம் என்ற சொல்லிலும் அதே எழுத்துகளின் எதிரொலி. பழைய பதிப்பு "பெருகியிருக்கிறார்கள்", "அநேகர்", "அநேகராயிருக்கிறார்கள்", "பதினாயிரம்பேருக்கும்" என்கிறது. அநேகர் இரண்டு முறை வருவதால் மணி இரண்டு முறையாவது கேட்கிறது. திருவிவிலியம் முதல் வசனத்தில் "என் எதிரிகள் எவ்வளவாய்ப் பெருகிவிட்டனர்! என்னை எதிர்த்து எழுவோர் எத்தனை மிகுந்துவிட்டனர்!" என்று எவ்வளவாய், எத்தனை, பெருகிவிட்டனர், மிகுந்துவிட்டனர் என அடுக்கிச் சமாளிக்கிறது. வாய்விட்டுப் படித்தால் இந்த அடுக்கு நன்றாகவே இருக்கிறது. சொல் மீட்சிக்குப் பதிலாக ஓசை இணை, நியாயமான பண்டமாற்று.

அடுத்தது முக்கியமானது. பகைவன் பேசுகிறான்: "தேவனிடத்தில் அவனுக்கு இரட்சிப்பு இல்லை." பாட்டு முடியும்போது கவிஞன் அந்தச் சொல்லையே திருப்பிக் கொடுக்கிறான்: "இரட்சிப்பு கர்த்தருடையது." நடுவில் 7ஆம் வசனத்தில் "என்னை இரட்சியும்." பகைவன் இல்லையென்று சொன்ன சொல், வேண்டுதலாகி, அறிக்கையாகி முடிகிறது. ஒரே வேர்ச்சொல்லை மூன்று இடத்திலும் விடாமல் பிடித்திருப்பது பழைய பதிப்பின் பெரிய பலம். இரட்சிப்பு என்ற சொல் இன்று தேய்ந்துபோன சபைச் சொல் என்று குறை சொல்வார்கள், உண்மைதான். ஆனாலும் ஒரு சொல்லை மூன்று இடத்தில் ஒன்றுபோல் வைத்தால்தான் இந்தப் பாட்டின் எலும்பு தெரியும்.

இங்கிருந்து ஒரு பொதுவான உண்மைக்குப் போகலாம். சங்கீதங்களில் பகைவனின் கொடிய ஆயுதம் வாள் அல்ல, வாய். விசுவாசம் ஆட்டம் காணும் இடங்களைக் குறித்துக்கொண்டே போனால், ஏறக்குறைய ஒவ்வொன்றிலும் பகைவனின் மேற்கோள் ஒன்று இருக்கும். "உன் தேவன் எங்கே" என்பது 42ஆம் சங்கீதத்தில் இரண்டு முறை வருகிறது. இரண்டாம் முறை, அந்த ஏச்சு எலும்புகளை "உருவக்குத்துகிறதுபோல்" இருக்கிறது என்கிறான் கவிஞன். 71:11-இல் "தேவன் அவனைக் கைவிட்டார்" என்று சொல்லிக்கொண்டு துரத்துகிறார்கள். 79-லும் 115-லும் அதே கேள்வியைப் புறஇனத்தார் முழு ஜனத்தையும் பார்த்துக் கேட்கிறார்கள். கவிஞன் தனக்குள் கேட்கத் துணியாத கேள்வியைப் பகைவனின் வாயில் வைத்துக் கேட்டுவிடுகிறான் என்று கொள்ளவும் இடமிருக்கிறது. நாவுக்கு வரும் உவமைகளைப் பாருங்கள்: தீட்டிய சவரகன் கத்தி, அம்பு, சர்ப்ப விஷம். 55:21-இல் வெண்ணெயும் எண்ணெயும்: "அவன் வாயின் சொற்கள் வெண்ணெயைப்போல மெதுவானவைகள், அவன் இருதயமோ யுத்தம்." பழைய பதிப்பின் மிகச் சிறந்த பத்து வரிகளில் இது ஒன்று. "இருதயமோ யுத்தம்" என்று வினை இல்லாமல் நிறுத்தியதில் எபிரேயத்தின் வெட்டு அப்படியே இருக்கிறது.

55ஆம் சங்கீதத்தின் பகைவன் அந்நியன் அல்ல, கூட இருந்தவன். 41:9-இல் அப்பம் புசித்தவன் குதிகாலைத் தூக்குகிறான். உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்தவன் என்று சொன்னால் தமிழில் ஒரு விளக்கமும் தேவைப்படாது. இந்தப் பகுதிகளை இரண்டு பதிப்பும் நன்றாகவே கொண்டுவந்திருக்கின்றன.

விலங்குகளுக்கு வருவோம். 22ஆம் சங்கீதம் ஒரு விலங்குத் தொழுவம்: காளைகள், சிங்கம், நாய்கள் என்று வரிசையாக வந்து சூழ்கின்றன. 20, 21ஆம் வசனங்களில் வேண்டுதல் அதே வரிசையைத் தலைகீழாக்கிப் போகிறது: நாய், சிங்கம், கடைசியில் ரெஏம். ரெஏம் என்பது காட்டு எருது. முதலில் வந்த காளைக்கு இது இணை. வளையம் சரியாக மூடுகிறது. பழைய பதிப்பில் இங்கே காண்டாமிருகம் நிற்கிறது: "நான் காண்டாமிருகத்தின் கொம்புகளிலிருக்கும்போது எனக்குச் செவிகொடுத்தருளினீர்." பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் இந்தச் சொல் "ஒற்றைக்கொம்பன்" ஆனது, அங்கிருந்து தொடங்கிய பிழை இது. காளைக்கும் காண்டாமிருகத்துக்கும் உறவில்லாததால் வளையம் உடைந்துவிடுகிறது. 92:10-இலும் இதே காண்டாமிருகம்தான். பென்சிலால் அடித்துக் "காட்டெருது" என்று திருத்திக்கொள்ளலாம்.

ஆனால் அதே வசனத்தில் பழைய பதிப்புக்கு ஒரு பெரிய வெற்றியும் இருக்கிறது. எபிரேயத்தில் "அனீதானீ", எனக்குப் பதில் தந்தீர், என்பது வசனத்தின் கடைசிச் சொல். கொம்புகளின் நடுவே தொங்கும் மனிதனின் வேண்டுதல் பாதியில் திரும்பி, நடந்துமுடிந்த செயலாகிறது. தமிழில் வினை இயல்பாகவே கடைசியில் வருவதால் "செவிகொடுத்தருளினீர்" அதே இடத்தில், அதே அதிர்ச்சியோடு விழுகிறது. வினையை முன்னுக்குத் தள்ளும் மொழிகளுக்கு இது கிடைக்காது.

22:16-க்கு ஓர் எச்சரிக்கை. "என் கைகளையும் என் கால்களையும் உருவக் குத்தினார்கள்" என்பது ஒரு பாடபேதம். மரபு எபிரேயப் பிரதியில் இருப்பது "சிங்கத்தைப்போல" என்று படிக்கத்தக்க சொல். கிரேக்கம் "தோண்டினார்கள்" என்கிறது. எது மூலம் என்ற வாதம் பழையது. கல்வி நோக்கில் படிக்கிறவர் அடிக்குறிப்பு இல்லாத பதிப்பை மட்டும் நம்பக் கூடாத இடங்களில் இது ஒன்று.

58ஆம் சங்கீதத்தின் பாம்பு இன்னொரு சிறு சிக்கல். பாம்பாட்டி ஊதினாலும் காதை அடைத்துக்கொள்ளும் "செவிட்டு விரியன்" என்கிறது பழைய பதிப்பு. மூலத்தின் பெத்தென் நாகவகை என்பதே பலர் கொள்ளும் பொருள். மகுடிக்கு ஆடும் பாம்பும் அதுதானே. விரியன் என்றதும் உவமை கொஞ்சம் நொண்டுகிறது. அந்தப் பாட்டு யாரைக் குறிவைக்கிறது என்பதையும் பலர் தவறவிடுகிறார்கள். பல் உடைக்கச் சொல்லும் கோபம் பக்கத்து வீட்டுக்காரர்மேல் வந்தது அல்ல. தீர்ப்புச் சொல்லும் இடத்தில் இருந்துகொண்டு அநியாயம் செய்கிறவர்கள்மேல் வந்தது. முதல் இரண்டு வசனங்களை விட்டுவிட்டு 6ஆம் வசனத்துக்குத் தாவினால் இது வெறும் வன்முறையாகத் தெரியும்.

உழவுச் சொற்களில் பழைய பதிப்பை அசைக்க முடியாது. 129:3: "உழுகிறவர்கள் என் முதுகின்மேல் உழுது, தங்கள் படைச்சால்களை நீளமாக்கினார்கள்." படைச்சால் என்ற சொல் வந்தவுடன் அடிபட்ட முதுகு கண்ணுக்குத் தெரிகிறது. அதே பாட்டில் பகைவருக்குக் கேட்கப்படும் தண்டனையும் உழவனின் தண்டனைதான்: கூரைமேல் முளைத்து வளருமுன் காயும் புல்லாகட்டும், அறுப்பவன் கைப்பிடிகூட நிரம்பாமல் போகட்டும். மண் கூரையில் முளைக்கும் புல்லுக்கு வேர்பிடிக்க ஆழமில்லை. சாபத்தில்கூட அளவு இருக்கிறது.

போர்ச் சொற்களுக்கு 35:1: "கர்த்தாவே, நீர் என் வழக்காளிகளோடே வழக்காடி, என்னோடு யுத்தம்பண்ணுகிறவர்களோடே யுத்தம்பண்ணும்." எபிரேயத்தில் வினையும் பெயரும் ஒரே வேரிலிருந்து இரண்டு இணைகளாக வருகின்றன. தமிழிலும் அப்படியே. நீதிமன்றமும் போர்க்களமும் ஒரே வசனத்தில் அருகருகே இருப்பதும் தப்பவில்லை.

இனி, வாசகர்கள் அஞ்சும் பாடல்கள்.

109ஆம் சங்கீதத்தில் 6 முதல் 19 வரை சாபம் நீளுகிறது. பிள்ளைகள் அநாதைகளாகட்டும், மனைவி விதவையாகட்டும் என்றெல்லாம். ஒரு விசேஷம்: அதற்கு முன்னும் பின்னும் பகைவர்கள் பன்மை, சாபம் விழுவதோ ஒருமையின்மேல், "அவன்". இதை வைத்து, அந்தச் சாபம் கவிஞன் சொன்னது அல்ல, பகைவர்கள் அவனைப் பார்த்துச் சொன்னதை அவன் கடவுள்முன் எடுத்து வைக்கிறான் என்று ஒரு வாசிப்பு உண்டு. பழைய எபிரேயத்தில் மேற்கோள் குறி கிடையாது. வாசல் திறந்தே இருக்கிறது. தமிழ் இலக்கணம் அந்த வாசலை மூடிவிடும். மேற்கோள் என்றால் "என்று" வேண்டும், அது முடிவில் வர வேண்டும். "என்று" போடவில்லையானால் சாபம் கவிஞனுடையது, போட்டால் பகைவனுடையது. மொழிபெயர்ப்பாளர் ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டும். பழைய பதிப்பு போடவில்லை. 20ஆம் வசனம் இந்தப் பொல்லாப்பைப் பகைவருக்கே கூலியாகத் திருப்புவதால், மேற்கோள் வாசிப்பை ஏற்றாலும் கவிஞன் முழுக்கத் தப்பிவிட முடியாது என்பது என் கணிப்பு.

இதே பாட்டில் பழைய பதிப்பு செய்த உண்மையான நஷ்டம் வேறு. 4, 6, 20, 29 ஆகிய நான்கு வசனங்களிலும் சாத்தான் என்ற ஒரே எபிரேய வேர் ஓடுகிறது; குற்றம்சாட்டி எதிர்ப்பது என்பது பொருள். பழைய பதிப்பு 6ஆம் வசனத்தில் மட்டும் "சாத்தான்" என்று ஒலிபெயர்த்து, மற்ற மூன்றிலும் விரோதித்தல் என்று பொருள்பெயர்த்தது. விளைவு, 6ஆம் வசனத்தில் திடீரென்று நரகத்து அதிபதி வந்து நிற்பதுபோல் ஆகிவிட்டது. அங்கே நிற்பவன் வழக்கு மன்றத்தில் வலதுபுறம் நின்று குற்றம்சாட்டுகிறவன். அதனால்தான் கடைசி வசனத்தில் எளியவனின் வலதுபுறத்தில் கடவுளே வந்து நிற்கிறார். இடம் அதே இடம், நிற்பவர் மாறிவிட்டார். சாத்தான் என்று படித்துவிட்டால் இந்த அழகு பிடிபடாது.

137ஆம் சங்கீதத்துக்குப் பின்னால் கி.மு. 587 அல்லது 586-இல் எருசலேம் இடிந்தது இருக்கிறது. பாபிலோனைப் பார்த்துச் சொல்லும் கடைசி வசனம் அனைவரும் அறிந்தது: "உன் குழந்தைகளைப் பிடித்து, கல்லின்மேல் மோதியடிக்கிறவன் பாக்கியவான்." எபிரேயத்தில் இந்த வசனம் "அஷ்ரே" என்று தொடங்கிப் "பாறை" என்று முடிகிறது. சங்கீதப் புத்தகத்தின் முதல் சொல்லும் "அஷ்ரே"தான், பாக்கியவான். தமிழ்த் தொடரமைப்பு இரண்டு இடத்திலும் அந்தச் சொல்லைக் கடைசிக்குத் தள்ளுகிறது. 1ஆம் சங்கீதத்தில் இதனால் நஷ்டம்: இரண்டு வசனம் காத்திருந்த பிறகே பாக்கியவான் வருகிறது. 137-இல் விளைவு வேறு. எபிரேய வாசகன் பாறையில் போய் முட்டி நிற்கிறான்; தமிழ் வாசகன் "பாக்கியவான்" என்ற சொல்லை வாயில் வைத்துக்கொண்டு நிற்கிறான். எது கொடியது என்று சொல்வது கடினம். பழைய பதிப்பு ஒரு சொல்லையும் மழுக்கவில்லை என்பதற்கு முழு மதிப்பெண்.

இந்தக் கடுமையை என்ன செய்வது என்று வழிபாட்டு மரபுகளும் திணறியிருக்கின்றன. 1971-இன் கத்தோலிக்கத் திருப்புகழ்மாலை, அதாவது நாள்தோறும் வேளைக்கு வேளை சொல்லும் ஜெபமுறை, 58, 83, 109 ஆகிய மூன்றையும் முழுமையாக விலக்கிவிட்டது. வேறு சில பாடல்களில் 137-இன் கடைசி வரிகள் போன்றவற்றை மட்டும் நீக்கியது. பொது வழிபாட்டில் இது விளங்கிக்கொள்ளத்தக்க முடிவு. தனிவாசிப்புக்கு அப்படி வெட்டிய தொகுப்பை வாங்க வேண்டாம். 139-இல் 19 முதல் 22 வரை "முழுப்பகையாய்ப் பகைக்கிறேன்" என்பதை நீக்கிவிட்டால், அடுத்த வசனமான "தேவனே, என்னை ஆராய்ந்து, என் இருதயத்தை அறிந்துகொள்ளும்" என்பது வெறும் பக்தி வாசகமாகிவிடும். இவ்வளவு பகையைக் கொட்டிய கையோடு, அந்தப் பகை சரிதானா என்று தன்னையே சோதனைக்கு நீட்டுகிறான். வெட்டினால் சோதனைக்குப் பொருளே இல்லை. 83-உம் அப்படித்தான். பத்துப் பகைநாடுகளைப் பட்டியலிட்டு, சுழல்காற்றின் புழுதியாகப் போகட்டும் என்று கேட்டுவிட்டு, 16ஆம் வசனத்தில் அவர்கள் உம்முடைய நாமத்தைத் தேடட்டும் என்கிறது. 17-இல் அழியட்டும் என்று மறுபடியும் சீறுகிறது. கோபம் நேர்கோட்டில் ஓடுவதில்லை. கவிதையும் அதை நேராக்கவில்லை. 59-இல் "அவர்களைக் கொன்றுபோடாதேயும்" என்ற வேண்டுதலுக்கு இரண்டு வசனம் தள்ளி நிர்மூலமாக்கச் சொல்லும் வேண்டுதல் வருவதும் இதே கதைதான்.

எல்லாவற்றிலும் ஒன்று கவனிக்கத்தக்கது: பல்லை உடைக்கும் கை கவிஞனுடையது அல்ல. "தகர்த்துப்போடும்" என்பது வேண்டுதல். பகைவன் விழுவதோ பெரும்பாலும் தான் வெட்டின குழியில் (7:15, 9:15, 57:6). கெடுவான் கேடு நினைப்பான் என்ற பழமொழியின் எபிரேய வடிவம் அது.

அச்சுறுத்தலின் நடுவே விசுவாசம் எங்கே நிற்கிறது? பகைவனுக்குப் பத்து வரி கொடுக்கும் கவிதை, விசுவாசத்துக்கு ஒரு சொல்தான் கொடுக்கிறது: "வஅனீ". பகைவரைப் பற்றிய பேச்சைப் பட்டென்று நிறுத்தி, கடவுளின் பக்கம் திரும்பும் கீல் அது. நேராகச் சொன்னால் "நானோ". தமிழின் ஓகாரம் இந்த வேலைக்காகவே செய்துவைத்ததுபோல் பொருந்துகிறது. ஆனால், எனினும் என்று சொல் கூட்டத் தேவையில்லை. பழைய பதிப்பில் தேடிப் பாருங்கள்: 5:7, 55:16, 59:16, 88:13, 109:4. 55ஆம் சங்கீதத்தின் கடைசி மூச்சு "நானோ உம்மை நம்பியிருக்கிறேன்." துரோகி, பட்டணத்துக் கொடுமை, வெண்ணெய் வாய் எல்லாம் ஒரு பக்கம், இந்த மூன்று சொல் மறுபக்கம். 109:4-இல் எபிரேயம் இன்னும் சிக்கனம்: "வஅனீ தெஃபில்லா", நானோ ஜெபம். வினையே இல்லை. பழைய பதிப்பு "நானோ ஜெபம்பண்ணிக்கொண்டிருக்கிறேன்" என்று நீட்டிவிட்டது. நானோ ஜெபம் என்றே விட்டிருக்கலாம், தமிழ் தாங்கும். 13:5-இல் எபிரேயத்தில் வஅனீ இருந்தும் பழைய பதிப்பு வெறும் "நான்" என்கிறது. "எதுவரைக்கும்" என்ற கேள்வியை நான்கு முறையும் ஒரே சொல்லால் தந்து அருமையாக ஏற்றிக்கொண்டுவந்த பாட்டு, திரும்பும் இடத்தில் ஒரு ஓகாரம் குறைந்து தளர்கிறது. 73:23-இலும் "ஆனாலும் நான்" என்று கீல் மாறிவிட்டது.

திருவிவிலியம் மேலோங்கும் இடங்களைச் சொல்லாவிட்டால் நியாயமில்லை. 69:1-ஐப் பழைய பதிப்பு "வெள்ளங்கள் என் ஆத்துமாமட்டும்" பெருகுவதாகச் சொல்லும்; நெஃபெஷ் என்ற சொல்லுக்கு எங்கும் ஆத்துமா என்று போடும் பழக்கத்தால் வந்த வினை. நெஃபெஷ் உயிர், மூச்சு, தொண்டை எல்லாம்தான். திருவிவிலியம் "வெள்ளம் கழுத்தளவு வந்துவிட்டது" என்கிறது. மூழ்குகிறவனுக்கு ஆத்துமாவின் உயரம் எதற்கு? கழுத்துதான் கணக்கு. அச்சமைப்பிலும் திருவிவிலியம் முந்துகிறது. வரிகளைக் கவிதையாகவே அடுக்கியிருப்பதால், முதல் அடி சொன்னதை இரண்டாம் அடி திருப்பியும் கூட்டியும் சொல்லும் இணையடி கண்ணுக்கே தெரியும். பழைய பதிப்பில் அரைப்புள்ளிகளை வைத்து நாமே பிரித்துக்கொள்ள வேண்டும்.

23:6 இரண்டு பதிப்புக்கும் நல்ல போட்டி. எபிரேய வினை ராதஃப், துரத்துவது. பகைவர்கள் செய்வதற்குப் பயன்படும் அதே வினை. எதிரிகளின் கண்முன் விருந்து முடிந்ததும், இனி என்னைத் துரத்தப்போவது நன்மையும் கிருபையும் என்கிறான் கவிஞன். பழைய பதிப்பு "என்னைத் தொடரும்" என்கிறது. 7:5-இல் "பகைஞன் என் ஆத்துமாவைத் தொடர்ந்துபிடித்து" என்று அதே சொல் வருவதால் கூர்ந்த வாசகருக்கு இணைப்பு கிடைக்கும். திருவிவிலியத்தின் "எனைப் புடைசூழ்ந்துவரும்" காதுக்கு இனிமை. ஆனால் அரசனுக்குப் பரிவாரம் வருவதுபோல் ஆகிவிட்டது. துரத்தல் போய்விட்டது.

27:13-இல் இரண்டு பதிப்பும் தோற்கின்றன, அதிலும் ஒரு பாடம் இருக்கிறது. எபிரேயத்தில் வாக்கியம் முடியவே இல்லை. ஜீவனுள்ளோர் தேசத்தில் கர்த்தருடைய நன்மையைக் காண்பேன் என்று விசுவாசியாதிருந்தால்... அவ்வளவுதான். அப்படி இல்லாதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைக் கவிஞன் சொல்லாமல் விழுங்கிவிடுகிறான். "லூலே", இல்லாதிருந்தால், என்ற அந்தச் சொல்லின்மேல் பழைய எழுத்தர்கள் புள்ளிகள் வைத்துப்போயிருக்கிறார்கள். பழைய பதிப்பு "கெட்டுப்போயிருப்பேன்" என்று முடித்துவைக்கிறது. திருவிவிலியம் "காண்பேன் என்று நான் இன்னும் நம்புகின்றேன்" என்று நேர்மறையாக்கிவிடுகிறது. முதலாவது பயத்தைக் காக்கிறது, இரண்டாவது நம்பிக்கையைக் காக்கிறது. அந்தத் தொண்டையடைப்பை இரண்டுமே காக்கவில்லை. மூன்று புள்ளி வைத்து நிறுத்தியிருந்தால் போதுமானது.

வாங்குகிறவருக்கு: ஒன்றுதான் வாங்க முடியுமென்றால், வாய்விட்டுப் படிக்கப் பழைய பதிப்பு, பொருள் தேடிப் படிக்க அடிக்குறிப்புள்ள திருவிவிலியம். படிக்கும் முறை இது. ஒரு பாட்டை மூன்று முறை படியுங்கள். முதல் வாசிப்பில் யார் யாரிடம் பேசுகிறார் என்று பார்த்து நீர், அவன், அவர்கள் மாறும் இடங்களைக் கோடிடுங்கள். இரண்டாவதில் பகைவனின் நேர்ப்பேச்சைத் தேடி, "என்று" வரும் இடத்தைச் சுழியுங்கள். அவன் சொன்ன சொல் பின்னால் கவிஞன் வாயில் திரும்ப வருகிறதா என்று பாருங்கள். மூன்றாவதில் "நானோ"வைக் கண்டுபிடியுங்கள். இல்லையென்றால் "ஆனாலும்" எங்கே என்று தேடுங்கள். பகைவனுக்கு உங்களுக்குத் தெரிந்த ஆளின் பெயரை ஒட்டுவதை மட்டும் தள்ளிப்போடுங்கள். ஒட்டியதும் பாட்டு சுருங்கி, ஏவல் மந்திரம்போல் ஆகிவிடும்.

எண்களிலும் எச்சரிக்கை தேவை. எபிரேயப் பதிப்புகளில் தலைப்பும் வசனமாக எண்ணப்படும். நம் 3:7 அங்கே 3:8. 51, 52, 54, 60 ஆகியவற்றில் இரண்டு எண் தள்ளும். கிரேக்க, லத்தீன் மரபைப் பின்பற்றும் பழைய நூல்களில் நம் 109, 108 ஆகவும் 137, 136 ஆகவும் இருக்கும்.

கடைசியாக 88. இதில் மனிதப் பகைவன் யாருமில்லை; பகைவன் செய்யும் வேலையெல்லாம் கடவுளின்மேல் சுமத்தப்பட்டிருக்கிறது. 13ஆம் வசனத்தில் "நானோ கர்த்தாவே, உம்மை நோக்கிக் கூப்பிடுகிறேன்" என்று கீல் திரும்புகிறது, கதவு திறக்கவில்லை. எபிரேயத்தின் கடைசிச் சொல் "மஹ்ஷாக்", இருட்டு. பழைய பதிப்பு "எனக்கு அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள்" என்று ஆட்களை மறையவைத்து முடிக்கிறது. அந்தப் பக்கத்தின் ஓரத்தில் "இருட்டு" என்று ஒரு சொல் எழுதிக்கொள்ளுங்கள்.